கூரையில் ஓடிய பச்சைப் பட்டை: லோ பாஸ் ஃபில்டர் இல்லாத கேமராவில் எடுத்த எச்.டி.ஆர். படங்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தருமபுரியில் ஆடி மாதம் ஸ்டுடியோக்காரர்களுக்கு வேலை குறைந்த மாதம். முகூர்த்தம் கிடையாது. மண்டபங்களெல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான் பெயின்ட் அடித்து, விளக்கு மாற்றி, ஆவணிக்குத் தயாராகும். மண்டபத்தைப் படமெடுத்துக் கொடுக்கும் வேலையும் அப்போதுதான் வரும்.

இங்கே எழுதுவது சேலம் சாலையில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஊர்ப்பேர் போதும், மண்டபத்தின் பெயர் வேண்டாம். கூடத்தின் நீளம் ஏறக்குறைய 30 மீட்டர். ஒரு பக்கம் முழுக்க உயரமான ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் கொசுவலை. கூரை 6 மீட்டர் உயரத்தில், சின்னச் சின்னத் துளை போட்ட அலுமினியத் தகடுகளால் ஆனது. தரை பாலிஷ் போட்ட கிரானைட். மேடை மட்டும் பலகையால் கட்டியது. பலகை மேடை என்பதைக் கவனத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

முந்தைய ஆண்டும் இதே மண்டபத்தை நான்தான் எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே மேடை இருட்டாக இருக்கும். ஒரே படத்தில் இரண்டும் வர வேண்டுமென்றால் வெவ்வேறு எக்ஸ்போஷரில் (கேமராவுக்குள் விடும் ஒளி அளவில்) பல பிரேம்கள் எடுத்து ஒன்றாக்கும் எச்.டி.ஆர். முறைதான் வசதி. அப்போது என்னிடம் இருந்தது 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்-சி (ஒரு சென்சார் அளவின் பெயர்) கேமரா, லோ பாஸ் ஃபில்டர் (பொய்க்கோடு வராமல் படத்தைச் சற்று மழுக்கும் தகடு) உள்ளது. படங்கள் மோசமில்லை. ஆனால் வரவேற்பு அறையில் மாட்ட 6 அடிக்கு 4 அடி பிரின்ட் போட்டபோது மேலாளர் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா கொஞ்சம் புகை படிஞ்ச மாதிரி தெரியுதே” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. 6,000 பிக்சல் அகலத்தை 72 அங்குலத்துக்கு விரித்தால் ஓர் அங்குலத்துக்கு 83 பிக்சல்தான் வரும். அந்த அளவில் கூர்மை குறைந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வாசலில் வைத்த 20 அடி ஃபிளெக்ஸைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரோட்டிலிருந்து பார்க்கிற ஃபிளெக்ஸுக்கு எந்தக் கேமராவும் போதும்.

கேமரா மாற்றிய காரணம்

“புகை படிஞ்ச மாதிரி” என்ற பேச்சு என்னை உறுத்தியது. தேடிப் படித்ததில் குற்றவாளி கிடைத்துவிட்டதாக நினைத்தேன்: சென்சாருக்கு முன்னால் இருக்கும் அந்த ஃபில்டர்.

அது எதற்காக இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது. கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது: பாதிப் பிக்சல்கள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். விட்டுப்போன நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களை வைத்துக் கேமரா கணக்குப் போட்டு நிரப்பும். லென்ஸ் கொண்டுவரும் கோடுகள் பிக்சல்களால் பிரித்துப் பதிய முடிவதைவிட நெருக்கமாக இருந்தால் இந்தக் கணக்கு தப்பும். இல்லாத கோடும் இல்லாத நிறமும் படத்தில் முளைக்கும். அதைத்தான் மொய்ரே என்கிறோம். நீரலை போல மினுங்கும் ஒருவகைப் பட்டுத்துணிக்குப் பிரெஞ்சில் இருக்கும் பெயர் அது. பட்டுக்கூடு அங்காடி இருக்கிற ஊர்க்காரனான எனக்கு இது பிறகுதான் தெரிய வந்தது.

இதைத் தடுக்க, ஒளியை இரண்டாகப் பிரிக்கும் படிகத் தகடுகள் இரண்டைச் சென்சாருக்கு முன்னால் வைக்கிறார்கள். ஒரு தகடு கிடைமட்டமாக, இன்னொன்று செங்குத்தாகப் பிரிக்கும். ஒரு புள்ளி ஒளி நான்கு புள்ளியாகி, ஏறக்குறைய ஒரு பிக்சல் தள்ளித் தள்ளி விழும். பிக்சலுக்குப் பிடிபடாத நுண்மை அங்கேயே மழுங்கிவிடும். மொய்ரே அடங்கும், அதோடு கொஞ்சம் கூர்மையும் போகும்.

நிக்கான் 2012-இல் டி800 என்றும் டி800இ என்றும் ஒரே 36 மெகாபிக்சல் கேமராவை இரண்டாக விற்றது. இரண்டாவதில் முதல் தகடு பிரித்த ஒளியை அடுத்த தகடு திரும்பச் சேர்த்துவிடும். 2013-இல் வந்த டி7100-இல் ஃபில்டரே இல்லை. அதே ஆண்டு பென்டாக்ஸ் கே-3 இன்னொரு வழியைப் பிடித்தது: ஃபில்டர் கிடையாது, தேவைப்பட்டால் எக்ஸ்போஷர் நேரத்தில் சென்சாரையே மிக நுண்ணியதாக அசைத்து அதே மழுங்கலைக் கொண்டுவரலாம். 2015-இல் கேனானும் 5டிஎஸ், 5டிஎஸ் ஆர் என்று இரட்டைப் பிள்ளைகளை இறக்கியது. இவ்வளவு பேர் கழற்றுகிறார்கள் என்றால் கழற்றுவதில் விஷயம் இருக்க வேண்டும் என்பது என் முடிவு.

நண்பர் ஒருவர் பழைய கேமராவிலிருந்தே ஃபில்டரைப் பிரித்து எடுத்துவிடலாம் என்றார். அதை நான் ஏற்கவில்லை. ஒளி கண்ணாடி வழியாகப் போகும்போது ஃபோகஸ் விழும் இடம் கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு பின்னால் தள்ளிப்போகிறது. ஒரு மில்லிமீட்டர் கண்ணாடியை உருவினால் ஃபோகஸ் 0.33 மில்லிமீட்டர் மாறும். ஆட்டோஃபோகஸ் மொத்தமும் தப்பும். அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியும் பல கேமராக்களில் அதோடு சேர்ந்தே இருக்கிறது. கூர்மைக்கு ஆசைப்பட்டுக் கேமராவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று விட்டேன்.

பெங்களூர் போய், கைமாறிய ஒரு கேமரா வாங்கி வந்தேன். அதே 24 மெகாபிக்சல், அதே சென்சார் அளவு, ஃபில்டர் மட்டும் இல்லை. பிக்சல் அளவு இரண்டிலும் 3.9 மைக்ரான். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது என்பது வாங்கும்போது தோன்றவில்லை. தற்செயலாக அமைந்தது.

முதல் நாள் படப்பிடிப்பு

ஆடி இரண்டாம் வாரம், காலை பதினோரு மணி. உதவிக்கு வரும் தம்பி பதினெட்டாம் பெருக்குக்கு ஒகேனக்கல் போகும் நினைப்பிலேயே இருந்தான். எனக்கும் புதுக் கேமராவைப் பார்க்கும் அவசரம்.

மேடைமேல் ட்ரைபாட் வைத்துக் கூடத்தை நோக்கி ஒரு தொகுதி, கூடத்தின் பின்பக்கத்திலிருந்து மேடையை நோக்கி ஒரு தொகுதி, பக்கவாட்டில் ஜன்னல் வரிசையோடு ஒன்று. லென்ஸ் 16 மில்லிமீட்டரில், அப்பெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் வாய்; எஃப் எண் கூடினால் வாய் சுருங்கும்) எஃப் 8, ஐஎஸ்ஓ 100. ஐந்து பிரேம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்டாப் இடைவெளி (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு): 1/125, 1/30, 1/8, 1/2, 2 விநாடி. ஷட்டரை விரலால்தான் அழுத்தினேன். ரிமோட் பையில் இருந்தது, எடுக்கச் சோம்பல். ஜன்னல் திறந்திருந்தது, ஆடிக் காற்று ஜன்னல் திரைச்சீலையை உப்பவைத்துக்கொண்டிருந்தது.

கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு கிளம்பினோம்.

கணினியில் தெரிந்தவை

பிரேம்களை மெர்ஜ் செய்து, அதாவது ஒன்றாக்கி, டோன் சரிசெய்த உடனே இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

முதலாவது கூரை. சாம்பல் நிறத் தகடு முழுக்கப் பச்சையும் ஊதாவுமாக வளைவு வளைவாகப் பட்டைகள். தனிப் பிரேமில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவில் இருந்தது, டோன் மேப்பிங் முடிந்ததும் தூரத்திலிருந்தே தெரிந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். இருட்டும் வெளிச்சமும் ஒரே படத்தில் அடங்க வேண்டும் என்பதற்காக எச்.டி.ஆர். மென்பொருள் பெரிய வேறுபாடுகளை அமுக்கி, பக்கத்துப் பக்கத்து இடங்களின் சிறு வேறுபாடுகளைத் தூக்கிவிடுகிறது. நமக்கு வேண்டிய நுணுக்கம் எது, பொய்க்கோடு எது என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் சமமாகத் தூக்கிக் காட்டியது.

முதல் படத்தை மேலாளருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன், அது என் தப்பு. பதில் உடனே வந்தது: “தம்பி, கூரையில பாசி புடிச்ச மாதிரி என்னமோ ஓடுது. புதுசா போட்ட சீலிங் ப்பா அது.”

இரண்டாவது விஷயம் எனக்கு மட்டும் தெரிந்தது, அதுதான் அதிகம் வலித்தது. மெர்ஜ் செய்த படத்தையும் போன ஆண்டுப் பழைய கேமராவின் மெர்ஜ் செய்த படத்தையும் பக்கத்தில் வைத்து 100 சதவீதத்தில் பார்த்தேன். கிரானைட் தரையின் புள்ளிகள், போர்டில் இருக்கும் பித்தளை எழுத்துகள், நாற்காலியின் பின்னல் – எதிலும் புதுக் கேமரா மேலாகத் தெரியவில்லை. மேடைமேலிருந்து எடுத்த தொகுதியில் பழையதைவிட மங்கலாகவே இருந்தது. ஃபில்டரை விட்டொழித்ததில் மொய்ரே மட்டும் கூலியாகக் கிடைத்திருந்தது.

காரணத்தைத் தேடியது

ஐந்து பிரேம்களையும் தனித்தனியாகத் திறந்து பித்தளை எழுத்துகளைப் பார்த்தேன். 1/125-இல் எழுத்து கத்திபோல் இருந்தது. பழைய கேமராவில் இப்படி ஓர் ஓரத்தை நான் பார்த்ததே இல்லை. 1/30 பரவாயில்லை. 1/8-இலும் 1/2-இலும் எழுத்தின் விளிம்பு மேலும் கீழுமாக இரட்டையாகத் தெரிந்தது. 2 விநாடியில் மறுபடி ஓரளவு தெளிவு.

இந்த வரிசையே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. படம் எடுக்கும்போது கேமராவுக்குள் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி மேலே எழும்பும் அதிர்ச்சியும் விரல் அழுத்தும் அசைவும் ஷட்டர் திறந்த பிறகு சற்று நேரத்துக்கு நீடிக்கும். 1/125-இல் அந்த ஆட்டம் பதிவாகும் முன் ஷட்டர் மூடிவிடும். 2 விநாடியில் ஆட்டம் சிறு பங்குதான். இடையில் இருக்கும் வேகங்களில் எக்ஸ்போஷர் நேரம் முழுக்க ஆட்டமாகவே இருக்கும். பலகை மேடை அதைக் கூட்டியிருக்கிறது. தம்பி மேடைமேல் நடந்துகொண்டும் இருந்தான்.

இதில் எச்.டி.ஆருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்து பிரேமில் மூன்று தெளிவாக இருந்தால் படமும் முக்கால்வாசி தெளிவாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மெர்ஜ் செய்த படத்தில் ஒவ்வோர் இடமும் எந்தப் பிரேமில் நன்றாக எக்ஸ்போஸ் ஆகியிருக்கிறதோ அதிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. 1/125 பிரேம் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் தென்னை மரத்தை மட்டும் கொடுத்தது. கூடம், நாற்காலி, மேடை, எழுத்து எல்லாம் 1/8-இலிருந்தும் 1/2-இலிருந்தும் வந்தன. ஆக, ஆட்டம் கண்ட இரண்டு பிரேம்தான் படத்தின் முக்கால் பகுதி. கத்திபோல் இருந்த பிரேம் தென்னங்கீற்றுக்குப் போய்விட்டது.

அடுத்தது அலைன்மென்ட். பிரேம்களுக்கு இடையே ட்ரைபாட் சற்று அசைந்திருந்ததால் மென்பொருள் ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்திவிட்டது. பொருத்துவது முழுப் பிக்சல் கணக்கில் நடப்பதில்லை, அரைப் பிக்சல், கால் பிக்சல் நகர்த்த வேண்டியிருக்கும். அப்படி நகர்த்தினால் ஒவ்வொரு பிக்சலின் மதிப்பையும் அக்கம்பக்கத்தோடு கலந்து புதிதாகக் கணக்கிட வேண்டும். ஒரு புள்ளியை அரைப் பிக்சல் தள்ளிக் கலப்பது என்றால், கண்ணாடித் தகடு செய்யும் வேலையின் தம்பி வேலை. ஃபில்டரை விலை கொடுத்துக் கழற்றிவிட்டு, மென்பொருளில் இலவசமாக ஒன்றை நான் மாட்டியிருந்தேன்.

மொய்ரேக்கு மட்டும் இந்த மழுங்கல் உதவவில்லை. அது படம் பதிவாகும்போதே நடந்துவிட்ட பிழை, பின்னால் கலந்தாலும் பட்டை பட்டையாகவே இருக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கேமரா அரைப் பிக்சல் நகர்ந்தால் கூரைப் படம் அரைப் பிக்சல்தான் நகரும், மொய்ரேப் பட்டையோ பல பிக்சல் தள்ளிப் போய்விடும். ஐந்து பிரேமிலும் பட்டைகள் ஐந்து இடத்தில் இருந்தன. ஆடிய திரைச்சீலையைச் சரிசெய்ய டீகோஸ்ட் (அசைந்த இடத்தை ஒரே பிரேமிலிருந்து எடுக்கும் வசதி) போட்டிருந்தேன். அது எந்த இடங்களை ‘அசைந்தவை’ என்று எடுத்துக்கொண்டது எனச் சிவப்பில் காட்டச் சொன்னால், திரையோடு சேர்த்துக் கூரையிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. அசையாத கூரையை அசைந்ததாக நினைத்து, துண்டு துண்டாக வெவ்வேறு பிரேமிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறது. பாசி மாதிரி என்று மேலாளர் சொன்னது அதனால்தான். வெறும் பட்டையாக இருந்திருந்தால் அவ்வளவு அசிங்கமாக இருந்திருக்காது.

கூரைக் கணக்கு

மறுபடி போகும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்து விகிதக் கணக்குதான்.

துளைகளின் இடைவெளி 5 மில்லிமீட்டர், ஏணி வைத்து அளந்தது. 16 மில்லிமீட்டர் லென்ஸ், 12 மீட்டர் தூரம் என்றால் சென்சாரில் அந்த இடைவெளி 5 × 16 ÷ 12,000, அதாவது 6.7 மைக்ரான். ஒரு கோட்டை ஒழுங்காகப் பதிய அதன் இடைவெளிக்கு இரண்டு பிக்சலாவது, அதாவது 7.8 மைக்ரானாவது வேண்டும். துளை வரிசை அதைவிட நெருக்கமாக விழுகிறது, மொய்ரே வராமல் எப்படி இருக்கும்? சிவப்பும் நீலமும் ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல்தான் இருப்பதால், நிறப்பிழை இன்னும் அகலமான இடைவெளியிலேயே தொடங்கிவிடும். கேமராவை மட்டமாக வைத்தால் ஏறக்குறைய 9 மீட்டருக்கு அப்பால்தான் கூரை பிரேமுக்குள் வருகிறது. அங்கிருந்து 15 மீட்டர் வரையுள்ள பகுதி மொத்தமும் மாட்டிக்கொண்டது. அதற்கு மேல் லென்ஸுக்கே துளை தெரியாது, பட்டையும் இல்லை. படத்திலும் சரியாக அந்த இடத்தில்தான் ஓய்ந்திருந்தது.

இதே கணக்கில்தான் வழியும் கிடைத்தது. அப்பெர்ச்சரைச் சுருக்கச் சுருக்க, குறுகிய வாயில் ஒளி பரவுவதால், அதாவது டிஃப்ராக்‌ஷனால் ஒளிப் புள்ளி பெரிதாகும். பச்சை ஒளிக்கு, எஃப் 8-இல் அந்தப் புள்ளியின் விட்டம் 10.7 மைக்ரான், எஃப் 11-இல் 14.8, எஃப் 16-இல் 21.5. எஃப் 16-இல் ஏறக்குறைய 8.8 மைக்ரானுக்குக் குறைவான எந்த இடைவெளியையும் எவ்வளவு நல்ல லென்ஸாலும் சென்சாருக்குக் கொண்டுவர முடியாது. 9 மீட்டரில் துளை இடைவெளி 8.9 மைக்ரான், அதற்கு அப்பால் இன்னும் குறைவு. எஃப் 16-இல் எடுத்தால் கூரையின் துளை வரிசை சென்சாரை எட்டவே எட்டாது. தேவைப்படும்போது மாட்டி, வேண்டாதபோது கழற்றும் லோ பாஸ் ஃபில்டர் ஒன்று லென்ஸுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஒப்பீட்டுச் சோதனை

கணக்கை மட்டும் நம்பி இன்னொரு முறை மண்டபக்காரரை அலைக்கழிக்க மனமில்லை. ஸ்டுடியோவில் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, பக்கத்தில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டி, இரண்டு கேமராவையும் ஒரே லென்ஸோடு, ஒரே இடத்தில் வைத்து எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவைத்து, ரிமோட்டில்.

தனிப் பிரேமில், எஃப் 5.6-இல், ஃபில்டர் இல்லாத கேமரா தெளிவாக மேல். சின்ன எழுத்தின் சுழிகூடப் பிரிந்து தெரிந்தது. பழைய கேமராவின் ரா கோப்புக்கு (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவுக்கு) மென்பொருளில் சிறிய ரேடியஸில் சற்றுத் தாராளமாக ஷார்ப்பனிங் கொடுத்ததும் இடைவெளி பாதிக்கு மேல் குறைந்தது. எஃப் 8-இல் அதைவிடக் குறைவு. எஃப் 11-இல் எது எந்தக் கேமரா என்று தம்பியிடம் மாற்றி மாற்றிக் காட்டினேன், பாதி தவறாகச் சொன்னான். நானும்தான்.

மூன்று பிரேம் எடுத்து, அலைன்மென்டை அணைத்து மெர்ஜ் செய்தபோது எஃப் 5.6, எஃப் 8-இன் லாபம் மெர்ஜ் செய்த படத்திலும் அப்படியே நின்றது. ட்ரைபாடை வேண்டுமென்றே லேசாகத் தட்டிவிட்டு அலைன்மென்டோடு மெர்ஜ் செய்தபோது லாபம் காணாமல் போனது. கொசுவலையின் நிறப் பட்டைகள் மட்டும் இரண்டு முறையும் இருந்தன.

இவ்வளவு நாள் கேமராவைத் திட்டிக்கொண்டிருந்ததற்கு இந்த ஒரு மாலை போதுமான பதில்.

இரண்டாம் நாள்: எடுத்த முடிவுகள்

மேலாளரிடம் உள்ளதைச் சொன்னேன். “கேமரா தப்பு இல்லண்ணா, நான் எடுத்த விதம் தப்பு. இன்னொரு காலை நேரம் மட்டும் குடுங்க.” அவர் மறுக்கவில்லை. பெயின்டர்கள் வருவதற்கு முன் முடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். வெயில் ஏறாத நேரத்தில் ஜன்னலுக்கும் மேடைக்கும் உள்ள வித்தியாசம் குறைவு. அதனால் ஐந்து பிரேமுக்குப் பதில் மூன்று போதுமாக இருந்தது: 1/60, 1/8, 1 விநாடி, எஃப் 8. இந்தச் சென்சார்களின் ரா கோப்பு மூன்று ஸ்டாப் இடைவெளியைத் தாங்கும். பிரேம் குறைந்தால் தப்புவதற்கான வாய்ப்பும் குறையும். இது என் கருத்து. ஒன்பது பிரேம் எடுப்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை.

ட்ரைபாடை மேடையிலிருந்து இறக்கிக் கிரானைட் தரையில் வைத்தோம். மேடைமேலிருந்து எடுக்கும் கோணத்தையே விட்டுவிட்டேன். அது மேலாளருக்குப் பிடித்த கோணம், ஆனாலும் பலகைமேல் நின்று அந்தக் கூர்மையைக் கொண்டுவர முடியாது. ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தவில்லை. லென்ஸின் அதிர்வு நீக்கியை அணைத்தேன். லைவ் வியூவில் கைமுறையாக ஃபோகஸ் செய்து பூட்டினேன். கண்ணாடி ஏற்கெனவே தூக்கியிருக்க, இரண்டு விநாடி தாமதத்தோடு எடுத்து, செல்போன் வழியாக ஷட்டர் வேகத்தை மாற்றினேன். முதல் பிரேமுக்கும் மூன்றாவது பிரேமுக்கும் நடுவே கேமராவை யாரும் தொடவில்லை. திரைகளைச் சணல் கயிற்றால் கட்டிவிட்டு, ஜன்னலையும் சாத்தினோம். தம்பியை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டேன்.

கூரை தெரியும் கோணங்களில் இரண்டாவது தொகுதி ஒன்று. அதே இடம், அதே ஃபோகஸ், அப்பெர்ச்சர் மட்டும் எஃப் 16. வேகங்கள் 1/15, 1/2, 4 விநாடி. பழைய கேமராவை வைத்துக் கூரையை எடுத்திருக்கலாமே என்று தம்பி கேட்டான். நல்ல கேள்விதான். ஆனால் கேமராவை மாற்றினால் ட்ரைபாட் தலை அசையும், இரண்டு படத்தையும் பொருத்த மறுபடி அலைன்மென்ட், மறுபடி கலப்பு. அப்பெர்ச்சர் என்றால் செல்போனில் ஒரு தட்டு.

மெர்ஜ் செய்யும்போது அலைன்மென்டும் டீகோஸ்டும் இரண்டும் அணைத்தே இருந்தன. ஷார்ப்பனிங் மெர்ஜுக்குப் பிறகுதான். கூரைக்கு எஃப் 16 தொகுதி, மற்ற எல்லாவற்றுக்கும் எஃப் 8 தொகுதி என்று மாஸ்க் போட்டுச் சேர்த்தேன். கூரையும் சுவரும் சேரும் விளிம்பு நேர்க்கோடு என்பதால் மாஸ்க் போடுவது சுலபமாக இருந்தது.

விளைவு

கூரை சுத்தம். துளை தெரியவில்லை, வழவழப்பான சாம்பல் பரப்பாக வந்தது. கண்ணால் பார்த்தாலும் அந்தத் தூரத்தில் அப்படித்தான் தெரியும். பித்தளை எழுத்துகளும் தரையின் புள்ளிகளும் முதல் முறையாக மெர்ஜ் செய்த படத்திலும் கத்திபோல் நின்றன. போன ஆண்டுப் படத்தோடு வைத்துப் பார்த்தபோது, எதற்காகப் பெங்களூர் போய் வந்தேனோ அது இப்போது தெரிந்தது.

எல்லாமே சரியாக வந்துவிடவில்லை. ஜன்னல் வரிசையின் பக்கவாட்டுப் படத்தில் முதல் ஜன்னல் இரண்டரை மீட்டரில் இருந்தது. கொசுவலையின் கம்பி இடைவெளி ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர், சென்சாரில் 9 மைக்ரான். அங்கே நான் எஃப் 16 தொகுதி எடுக்க மறந்துவிட்டேன். மென்பொருளின் மொய்ரே பிரஷ்ஷால் நிறத்தை எடுக்க முடிந்தது, மங்கலான சாம்பல் அலைகள் மட்டும் தங்கிவிட்டன. நிறப்பிழையை அழிக்கலாம், வெளிச்சத்தில் விழுந்த பட்டையை அழிப்பது பெரிய பாடு. அந்தப் படம் பிரின்டுக்குப் போகவில்லை, சிறிய அளவில் கைபேசிக்கு மட்டும் கொடுத்தேன்.

நேரக் கணக்கையும் சொல்ல வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலை இரண்டாம் நாள் மூன்றரை மணி நேரம் பிடித்தது. கூலி அதேதான். 6 அடி பிரின்ட் வரவேற்பறையில் மாட்டியதும் மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கு உரசும் அளவுக்குப் போய்ப் பார்த்தார். “இந்த எழுத்துல ஒரு கீறல் இருக்கே, இது நம்ம போர்டுல இருக்கா படத்துலயா?” என்றார். போர்டில்தான் இருந்தது. ஆவணிக்கு முன் அந்த எழுத்தை மாற்றிவிட்டார்கள்.

இனி மாற்றிச் செய்வது

முதலில், வரிசை. கேமராவுக்குச் செலவழித்ததில் ஒரு பங்கை உறுதியான ட்ரைபாடுக்குச் செலவழித்து, பழைய கேமராவிலேயே இரண்டாம் நாள் முறையில் எடுத்திருந்தால் மேலாளரின் ‘புகை’ பெரும்பாலும் போயிருக்கும். போன ஆண்டுக் கோப்புகளைத் திரும்பத் திறந்து பார்த்தேன். அவற்றிலும் 1/8 பிரேம் ஆட்டம் கண்டுதான் இருந்தது. ஃபில்டர்மேல் போட்ட பழியில் பாதி மேடைப் பலகையுடையது.

இரண்டாவது, கூரை, கொசுவலை, நாற்காலிப் பின்னல், ஜாலி என்னும் சல்லடை வேலைப்பாடு என்று ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் எதைக் கண்டாலும் முதல் பிரேமிலேயே 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பார்க்கும்போது கேமராவின் ஜேபெக் காட்சியை முழுதாக நம்புவதில்லை. சின்னத் திரையில் முழுப் படமாகப் பார்த்தால், திரையே புது மொய்ரே ஒன்றை உண்டாக்கிக் காட்டவும் செய்யும்.

பழைய கேமராவை விற்கவில்லை. கல்யாணத்தில் பட்டுப்புடவைகளை எடுக்க அதுதான். மணப்பெண் அசைந்துகொண்டே இருப்பார், எஃப் 16-க்குச் சுருக்கிக்கொண்டு நிற்க முடியாது. புடவை நெசவில் ஒரு முறை மொய்ரே விழுந்தால் ஆயிரம் படத்தை உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கும்.

புதுக் கேமராவுக்கு ஏற்ற வேலை எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. கார்த்திகையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கொல்லையில் நிற்கும் நடுகல்லை எடுத்துத் தரச் சொன்னார். இந்த இரண்டு மாவட்டத்திலும் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை. புளியமரத்து நிழலில் கல், பின்னால் வெயில் காயும் வயல், எச்.டி.ஆர். தேவைதான். கல்லின் முகத்தில் திரும்பத் திரும்ப வரும் கோடு எதுவும் கிடையாது. மண் தரையில் ட்ரைபாடை அழுத்தி ஊன்றி, எஃப் 8-இல் மூன்று பிரேம், அலைன்மென்ட் அணைத்து மெர்ஜ். தேய்ந்துபோன எழுத்துகளில் முந்தைய படங்களில் படிக்க முடியாத இரண்டை ஆசிரியர் கணினித் திரையிலேயே படித்தார்.